“எத்தனை தரம் இரத்தம் ஏத்தினது?”: போர் கடந்த இதயங்களும் வைத்தியர்களின் பயிற்சியும்

2017ஆம் ஆண்டு ஜூலை மாதம் கண்டி போதனா வைத்தியசாலையில் இலங்கையின் முதலாவது இதயமாற்றுச் சத்திரசிகிச்சை நடந்தது. தமிழ்ப் பத்திரிகைகளும் அதைப் பெரிதாக வெளியிட்டன. சத்திரசிகிச்சைக் கூடத்தில் நின்றவர்களுக்குக் கிடைத்த பாராட்டு நியாயமானது. ஓர் அரச வைத்தியசாலையில், நோயாளியிடம் பணம் வாங்காமல், அப்படி ஒரு சிகிச்சை நடப்பது இந்தப் பிராந்தியத்தில் எல்லா நாடுகளும் சொல்லிக்கொள்ளக்கூடிய விடயமல்ல.

ஆனால் படத்தில் வராத ஒரு வைத்தியர் இருக்கிறார். இதயம் பழுதடைந்துகொண்டு போகும் வருடங்களில் நோயாளியைக் கிளினிக்கில் பார்ப்பவர் அவர். இனி மருந்தால் முடியாது, மாற்று இதயம்தான் வழி என்று முடிவெடுப்பவரும் அவர்தான். சத்திரசிகிச்சை முடிந்த பிறகு அடுத்த 10, 15 வருடங்களுக்கு அந்த இதயத்தை உடல் நிராகரிக்காமல் காப்பவரும் அவரே. இதய செயலிழப்பும் மாற்றுச் சிகிச்சையும் என்று உலகில் தனித் துறையாக வளர்ந்திருப்பது இந்த வைத்தியரின் வேலைதான். எங்களுக்கு அந்த வைத்தியரை யார், எங்கே, எந்த நோயாளியை வைத்துப் பயிற்றுவிக்கிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். ‘ஹாட் அற்றாக்’ என்றால் எல்லோருக்கும் தெரியும். இதய செயலிழப்பு அப்படி ஒரு நாளில் வந்து விழுத்துவதில்லை. படி ஏறினால் இளைப்பு, இரவில் தலையணையை உயர்த்திப் படுக்கவேண்டிய நிலை, பின்னேரமானால் கால் வீக்கம், பிறகு இருந்த இடத்திலேயே மூச்சு எடுக்க ஏலாமை. இதயம் நின்றுவிடவில்லை, உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தைத் தள்ள அதற்குப் பலம் போதவில்லை. அடைப்பு வந்து தசை செத்ததால் ஆகலாம். பல வருடங்கள் கவனிக்காத பிறஷர், சீனி வருத்தம், சிறுவயதுக் காய்ச்சலால் கெட்ட வால்வு, கசிப்பு, சில பெண்களுக்குப் பிரசவத்தை ஒட்டி வரும் தசைப் பலவீனம் என்று காரணங்கள் பல. நோய் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் ஐந்து வருடங்களுக்குள் இறந்துவிடுகிறார்கள் என்பது மேற்குலக ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் கணக்கு. பல புற்றுநோய்களை விட மோசமான கணக்கு இது. ஆனாலும் எங்கள் ஊர்களில் ‘ஹாட் கொஞ்சம் வீக்காம்’ என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறோம்.

இதற்கு மருந்து இருக்கிறது. இதயத்தின் தள்ளும் பலம் குறைந்தவர்களுக்கு நான்கு வகை மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கவேண்டும் என்பது 2021, 2022ஆம் ஆண்டுகளில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வந்த வழிகாட்டிகளின் சாரம். அவற்றுள் எனாலப்றில், கார்வெடிலோல், ஸ்பைரோனோலக்ரோன் போன்றவை பழைய, விலை குறைந்த குளிசைகள். வில்லங்கம் வேறு இடத்தில் இருக்கிறது. இவற்றைச் சிறிய அளவில் தொடங்கி, இரண்டு கிழமைக்கொருமுறை பார்த்து, பிறஷர் விழுகிறதா, இரத்தத்தில் பொற்றாசியம் ஏறுகிறதா, சிறுநீரகம் தாங்குகிறதா என்று சோதித்துச் சோதித்துக் கூட்டவேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு கிளினிக், அதில் ஒரு நோயாளிக்கு மூன்று நிமிடம், பழைய துண்டைப் பார்த்து அதே அளவைத் திரும்ப எழுதுதல் என்ற முறையில் இது நடக்காது. நோயாளி பத்து வருடமாகக் குளிசை குடிப்பார். ஆனால் தொடக்க அளவிலேயே நிற்பார். மருந்து கைவிட்டது என்று கடைசியில் சொல்வார்கள். உண்மையில் மருந்து முழுதாகக் கொடுக்கப்படவே இல்லை.

ஆகவே இந்தத் துறையில் பயிற்சி என்பது அரிய சத்திரசிகிச்சை ஒன்றைப் பற்றிய ஆடம்பரப் பேச்சல்ல. மாற்று இதயம் ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் கிடைக்கும். மற்ற 999 பேரைப் பார்க்கத் தெரிந்தவர்தான் அந்த ஒருவரையும் சரியாகத் தெரிந்தெடுப்பார்.

வரலாறும் இதைத்தான் காட்டுகிறது. 1967 டிசம்பர் 3ஆம் திகதி தென்னாபிரிக்காவின் கேப்டவுனில் கிறிஸ்டியன் பார்னார்ட் முதலாவது மனித இதயமாற்றைச் செய்தார். நோயாளி 18 நாட்கள் வாழ்ந்து நியூமோனியாவால் இறந்தார். அடுத்த வருடம் உலகெங்கும் அறுவை நிபுணர்கள் போட்டி போட்டுக்கொண்டு 100க்கும் மேற்பட்ட இதயங்களை மாற்றினார்கள். பம்பாயில் பி.கே. சென் குழுவும் 1968 பெப்ரவரியில் முயன்றது. பெரும்பாலான நோயாளிகள் நாட்களிலோ மாதங்களிலோ இறந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் அநேகமான நிலையங்கள் இந்த வேலையையே கைவிட்டன. வெட்டித் தைப்பதை அவர்கள் சரியாகத்தான் செய்தார்கள். பிறகு என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட்டில் நோர்மன் ஷம்வேயின் குழு விடாமல் நின்றது. கழுத்து நாளத்தினூடாக மெல்லிய கருவியை அனுப்பி இதயத்தில் ஒரு துணுக்குத் தசையை எடுத்து, நிராகரிப்பு தொடங்கிவிட்டதா என்று நுண்ணோக்கியில் பார்க்கும் முறையை 1970களில் அங்கே கொண்டுவந்தார்கள். 1980களில் சைக்ளோஸ்போரின் மருந்து வந்தது. இன்று மாற்று இதயம் பெற்றவர்களில் அரைவாசிப் பேர் 12 வருடங்களுக்கு மேல் வாழ்கிறார்கள். அந்தப் பன்னிரண்டு வருடங்களை உண்டாக்கியது கத்தி மட்டுமல்ல. பின்னால் இருந்து பார்த்தவர்களும்தான்.

அமெரிக்கா 2008இல் இதைத் தனி உப துறையாக அங்கீகரித்தது. 2010இல் முதல் பரீட்சை நடந்தது. பொது மருத்துவத்தில் மூன்று வருடம், இருதயவியலில் மூன்று வருடம், அதன் பின் இதற்கென்று இன்னும் ஒரு வருடம். அந்த ஒரு வருடத்தில் பயிலுநர் கற்பவை: யாரை எப்போது காத்திருப்புப் பட்டியலில் சேர்ப்பது, நுரையீரல் நாளத்தின் அழுத்தத்தை அளந்து புது இதயம் தாங்குமா என்று கணிப்பது, இயந்திர இதயத்தோடு வாழ்பவரைப் பார்ப்பது, நள்ளிரவில் தொலைபேசியில் ஓர் இதயத்தை ஏற்பதா விடுவதா என்று தீர்மானிப்பது. இன்னொன்றும் உண்டு. ஒருவருக்கு மாற்று இதயம் இல்லை என்று அவருக்கும் குடும்பத்துக்கும் சொல்லி, மிச்ச நாட்களை வலியில்லாமல் கழிக்க உதவுவது. 2023இல் மட்டும் 4,500க்கு மேற்பட்ட இதயமாற்றுகள் நடந்த நாடு அது. அப்படியிருந்தும் அங்கேயே இந்தப் பயிற்சி இடங்கள் பல வருடாவருடம் நிரம்பாமல் கிடக்கின்றன. ஒரு வருடம் கூடப் படித்தாலும் சம்பளம் கூடுவதில்லை, இரவு பகலாக அழைப்பு வரும், நோயாளிகள் பாரதூரமானவர்கள். அதே காலத்தில் இரத்தக்குழாய்க்கு ஸ்டென்ற் வைக்கப் படித்தால் வருமானம் வேறு. வசதியான நாட்டிலேயே ஆட்கள் வர யோசிக்கும் துறைக்கு, இங்கே ஆட்களை வரவைப்பது எப்படி என்பதைச் சுகாதார அமைச்சு யோசித்தாக வேண்டும். சேவை மனப்பான்மை பற்றிய உரைகளால் அது நடக்காது.

இலங்கையில் நிபுணர்களை உருவாக்கும் ஒரே இடம் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம். எம்.டி. பரீட்சை, சிரேஷ்ட பதிவாளர் காலம், பிறகு வெளிநாட்டில் பயிற்சி, திரும்பி வந்து நிபுணர் நியமனம் என்பது இருதயவியலுக்கான பாதை. அந்த வெளிநாட்டுப் பயிற்சி நல்ல ஏற்பாடு. எங்களிடம் இல்லாததை அங்கே பார்த்துக் கற்று வரலாம். ஆனால் 2022 ஏப்ரலில் நாடு கடனைக் கட்டமுடியாது என்று அறிவித்த காலத்தில் இருந்து அதே பாதை வெளியேறும் வாசலாகவும் ஆகிவிட்டது. படிக்கப் போனவர்களில் திரும்பாதவர்களும், திரும்பி வந்து மீண்டும் போனவர்களும் இருக்கிறார்கள். அதே வருடம் மார்ச் மாத இறுதியில் பேராதனைப் போதனா வைத்தியசாலையே மருந்துத் தட்டுப்பாட்டால் அவசரமற்ற சத்திரசிகிச்சைகளை நிறுத்தியது. அந்த நிலையில் வேலை செய்த இளம் வைத்தியர் ஒருவர் போக நினைத்ததை என்னால் குறைசொல்ல முடியாது. ஆனால் ஒருவர் போனதும் கொழும்பில் ஒரு கதிரைதான் குறையும். முல்லைத்தீவிலோ மன்னாரிலோ இருந்த ஒரே கதிரை வெறுமையாகிவிடும்.

இனித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்த விடயம். லண்டனிலோ மெல்பேர்னிலோ கற்று வரும் இதய வைத்தியருக்கு அங்குள்ள நோயாளியைத் தெரியும். வன்னியின் நோயாளி வேறு ஆள். அவருடைய உடம்பில் போர் இருக்கிறது. இதை உருவகமாகச் சொல்லவில்லை.

இரத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இதயமாற்றுக்கு முன் நோயாளியின் குருதியில் வேற்று மனித இழையங்களுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். அவை கூடுதலாக இருந்தால் பொருத்தமான இதயம் கிடைப்பது கடினம். கிடைத்தாலும் நிராகரிப்பு வரும் அபாயம் அதிகம். அந்த எதிரிகள் உருவாகும் பிரதான வழிகளில் இரண்டு: கர்ப்பம், இரத்தம் ஏற்றுதல். இப்போது யோசியுங்கள். 2008, 2009இல் செல் காயத்தோடு ஒரு வைத்தியசாலையில் இருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து பாடசாலைக் கட்டடத்துக்கு, கடைசியில் புதுமாத்தளனில் இருந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பலில் திருகோணமலைக்கு என்று கொண்டுபோகப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில். அவர்களுக்கு எங்கே, எத்தனை தரம் இரத்தம் ஏற்றினார்கள்? பதிவுகள் அந்தக் கட்டடங்களோடு போய்விட்டன. நோயாளியே சொன்னால்தான் உண்டு. அவரும் மயக்கத்தில் இருந்திருப்பார்.

அதைவிட, சொல்ல அவர் பயப்படவும் கூடும். ‘உங்களுக்கு எப்போது காயம் பட்டது, எங்கே பட்டது?’ என்பது வைத்தியருக்கு நோய் வரலாறு. புனர்வாழ்வு முகாமில் இருந்து வந்தவருக்கு அது விசாரணையின் முதல் கேள்வி. அதே கேள்வியைச் சீருடையில் வந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள், சிவில் உடையில் வீட்டுக்கு வந்தவர்களும் கேட்டிருக்கிறார்கள். கிளினிக்கில் பக்கத்துக் கதிரையில் இன்னொருவர் இருக்க, திரைச்சேலை இல்லாத மேசையில், மொழிபெயர்க்க நிற்கும் சிற்றூழியரின் வாய்வழியாக அந்தக் கேள்வி வந்தால் ‘விழுந்தது’ என்றுதான் பதில் வரும். வன்னியில் நான் பேசிய முன்னாள் போராளிகள் சிலர், தங்கள் தழும்புகளுக்கு வைத்தியசாலையில் சொல்வதற்கென்று தனியாக ஒரு கதை வைத்திருக்கிறார்கள். அதை அவர்கள் பொய் என்று நினைப்பதில்லை. பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள்.

அடுத்தது உலோகம். இதயத் தசை ஏன் பலவீனமானது என்று பார்க்க எம்.ஆர்.ஐ. ஸ்கான் நல்ல வழி. அந்த இயந்திரம் பெருங்காந்தம். உடம்பில் செல் துண்டோடு வாழ்பவரை அதற்குள் அனுப்புமுன் எக்ஸ்றே எடுத்து, துண்டு எங்கே இருக்கிறது, கண்ணுக்கோ முள்ளந்தண்டுக்கோ பெரிய இரத்தக்குழாய்க்கோ கிட்ட இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். சிலருக்கு அந்தப் பரிசோதனையே செய்ய முடியாமல் போகும். இங்கே அந்தக் கேள்வி சம்பிரதாயத்துக்காகப் படிவத்தில் கோடு போடும் கேள்வியாக இருக்கக்கூடாது.

பிறகு கால். இதய செயலிழப்பு எவ்வளவு முற்றிவிட்டது என்று அளக்க உலகம் முழுவதும் பயன்படும் எளிய சோதனை, ஆறு நிமிடத்தில் ஒருவர் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்பது. ஜெய்ப்பூர் காலோடு நடப்பவருக்கு அந்த அளவு என்ன சொல்லும்? அவர் மெதுவாக நடப்பது இதயத்தாலா, காலாலா? இரண்டாம் உலகப் போரில் காலிழந்த அமெரிக்கப் படையினரைப் பல வருடங்கள் பின்தொடர்ந்தபோது, முழங்காலுக்கு மேல் கால் இழந்தவர்கள் இதய நோயால் இறப்பது கூடுதலாக இருந்தது தெரியவந்தது. காலிழந்தவர்களுக்கு இதயச் சோதனை முன்கூட்டியே வேண்டும் என்பதற்கு அது ஒரு காரணம். எங்கள் ஊர்களில் செயற்கைக் கால் கொடுக்கும் நிகழ்வுகளுக்குப் பிரமுகர்கள் வருகிறார்கள், மாலை போடுகிறார்கள். அன்று அந்த வரிசையில் நின்றவர்களுக்கு ஒரு பிறஷர் பார்த்து எழுதிவைத்தார்களா என்று கேட்க ஆசை.

கடைசியாக, முகாம்கள். வாதக் காய்ச்சல் ஐந்து தொடக்கம் 15 வயதுப் பிள்ளைகளை அதிகம் தாக்கும். தொண்டைத் தொற்றில் தொடங்கும், நெரிசலில் பரவும். மூட்டு வீக்கம் மாறிவிடும், ஆனால் இதய வால்வில் விழுந்த தழும்பு இருபது வருடம் சத்தமில்லாமல் இறுகும். பெண்பிள்ளைகளுக்கு அது பல தடவை முதல் கர்ப்பத்தில்தான் தெரியவரும். நேரத்தோடு கண்டுபிடித்தால் மூன்று, நான்கு கிழமைக்கொருமுறை போடும் பென்சிலின் ஊசி வால்வைக் காக்கும். 2009இல் மெனிக் பாமில் கூடாரத்துக்குள் இரண்டு மூன்று குடும்பங்களாக அடைக்கப்பட்ட பிள்ளைகள் இன்று இருபதுகளிலும் முப்பதுகளின் தொடக்கத்திலும் இருக்கிறார்கள். வடக்கில் பயிலும் இதய வைத்தியர் இந்த வயதில் இளைப்போடு வரும் ஒவ்வொருவரிடமும், ‘அந்த வருடம் எங்கே இருந்தீர்கள், காய்ச்சலும் முழங்கால் வீக்கமும் வந்ததா?’ என்று கேட்கப் பழகவேண்டும். எந்த வெளிநாட்டுப் பாடநூலும் இதைச் சொல்லித்தராது. மாற்று இதயம் பெற்றவருக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து கொடுக்கும்போதும் இப்படித்தான். மேற்குலகில் கற்றவர் அங்கத்தைய வைரசுகளை நன்றாக அறிவார். இங்கே காசநோய் இருக்கிறது, டெங்கு இருக்கிறது, வயல் சேற்றில் இருந்து தொற்றும் மெலியோயிடோசிஸ் இருக்கிறது. வயல் விதைப்பவருக்கு ‘சேற்றில் இறங்காதே’ என்று எழுதிக்கொடுப்பதற்கு முன் அவருடைய வருமானத்தையும் விசாரிக்கவேண்டும்.

இதயம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு வருகிறேன். இலங்கையில் இறந்தவரின் உறுப்பைத் தானம் செய்வதற்கான சட்டம் 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம். அதற்கு வெகு முன்பே 1960களில் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தான இயக்கம், பௌத்தத்தின் ‘தானம்’ என்ற எண்ணத்தைப் பற்றிக்கொண்டு இலங்கையின் கண்களை உலகத்துக்கே அனுப்பியது. சைவருக்கும் இது அந்நியமல்ல. கண்ணப்பரின் கதை எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். சமயம் தடையாக நிற்கும் என்று நான் நினைக்கவில்லை. தடை வேறு.

கண் தானத்துக்கும் இதய தானத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம். கண்ணை இறந்து சில மணித்தியாலம் கழித்தும் எடுக்கலாம். இதயம் அப்படியல்ல. மூளைச்சாவடைந்தவரின் மார்பு இயந்திரத்தால் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், உடம்பு சூடாக இருக்கும், திரையில் துடிப்பு ஓடும். அந்த நிலையில் ‘உங்கள் பிள்ளை இறந்துவிட்டார்’ என்று சொல்லவேண்டும். எடுத்த இதயத்தை ஏறத்தாழ நான்கு மணித்தியாலத்துக்குள் பொருத்தவேண்டும் என்பதால், குடும்பம் யோசிக்கக் கிடைக்கும் நேரமும் கொஞ்சம்தான்.

கண்டியில் அந்த முதல் இதயமாற்று நடந்த அதே 2017இன் பெப்ரவரியில், அதே ஏ9 வீதியில், கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்கள் போராட்டத்தைத் தொடங்கினார்கள். உடலில்லாமல், விசாரணையில்லாமல் மரணச் சான்றிதழை வாங்கிக்கொள்ளச் சொன்ன அரசுக்கு ‘முடியாது’ என்று சொன்ன தாய்மார் அவர்கள். பிறகு ‘காணாமற்போனமைக்கான சான்றிதழ்’ என்று ஒன்று வந்தது. அதையும் பலர் ஏற்கவில்லை. பிள்ளையின் மரணத்தை அரசின் வாயால் ஏற்க மறுத்து இத்தனை வருடம் வீதியோரம் இருக்கும் ஒரு தாயின் இன்னொரு பிள்ளை விபத்தில் சிக்கி அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தால், அரச வைத்தியர் ஒருவர் வந்து, துடிக்கும் இதயத்தைக் காட்டி ‘இறந்துவிட்டார், கையெழுத்து வையுங்கள்’ என்று கேட்டால், அவர் அதை எப்படிக் கேட்பார்? அவருக்கு அறியாமை என்று எவரும் சொல்லிவிடக்கூடாது. அனுபவம் அவருக்கு அப்படித்தான் கற்பித்திருக்கிறது.

இந்தப் பேச்சைப் பேசுவதற்கும் பயிற்சி இருக்கிறது. மரணத்தைச் சொல்வதும் உறுப்பைக் கேட்பதும் ஒரே பேச்சில் வரக்கூடாது. முதலாவதைக் குடும்பம் விளங்கிக்கொண்ட பிறகே இரண்டாவது. மூளைச்சாவை உறுதிசெய்யும் வைத்தியர்கள் மாற்றுக் குழுவைச் சேர்ந்தவர்களாக இருக்கக்கூடாது. கேட்பவர் சிகிச்சையளித்த வைத்தியராக இல்லாமல், அதற்கென்று பயின்ற இன்னொருவராக இருப்பது நல்லது. அவர் குடும்பத்தின் மொழியில் பேசுபவராக இருக்கவேண்டும். உறுப்புகளை எடுத்தபின் உடல் முழுமரியாதையோடு, தாமதமில்லாமல் வீட்டுக்கு வரும் என்ற உறுதி எங்களுக்கு மற்ற எவரையும் விட முக்கியம். உடலைக் கையில் வாங்காத வீடுகள் நிறைந்த சமூகம் இது.

தமிழ்நாடு இதில் எங்களுக்குக் கிட்டிய பாடம். 2008 செப்டெம்பரில், விபத்தில் மூளைச்சாவடைந்த 15 வயது மகனின் உறுப்புகளை வைத்தியர்களான பெற்றோர் தானம் செய்தார்கள். சென்னையில் பொலிஸார் வீதியை ஒதுக்கிக்கொடுக்க, அந்த இதயம் 11 நிமிடத்தில் மற்ற வைத்தியசாலைக்குப் போய் ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. எல்லோருக்கும் அந்த 11 நிமிடம் நினைவிருக்கிறது. அதிகம் பேசப்படாதது, அதே வருடம் தமிழக அரசு மூளைச்சாவை அறிவிக்கும் முறை, பதிவுப் பட்டியல், வைத்தியசாலைகளில் ஒருங்கிணைப்பாளர்கள் என்று வரிசையாக ஆணைகள் பிறப்பித்து ஒழுங்கை உருவாக்கியது. பெற்றோரின் முடிவு ஒரு நாளின் செய்தி. பின்னால் வந்த தானங்களுக்கு அந்த ஒழுங்கே காரணம்.

‘அப்ப சென்னைக்குப் போகலாம்தானே’ என்று புலம்பெயர்ந்த உறவுகள் கேட்பதுண்டு. வால்வு மாற்ற, பைபாஸ் செய்யப் போய் நல்லபடி திரும்பியவர்கள் எங்களிடையே பலர். இதயமாற்று அப்படியல்ல. இந்தியாவில் தானமாகக் கிடைக்கும் உறுப்பு முதலில் இந்தியக் குடிமக்களுக்கே. வெளிநாட்டவர் வரிசையின் கடைசி. 2018இல் வெளிநாட்டவருக்கு இதயங்கள் முன்னுரிமையில் போகின்றன என்ற சர்ச்சை தமிழ்நாட்டில் பெரிதாக வெடித்தது. அந்தக் கோபம் நியாயமானது. கிடைத்தாலும் முதல் மாதங்களில் திரும்பத் திரும்பத் தசைத் துணுக்குச் சோதனை, மருந்தளவுச் சோதனை என்று அங்கேயே வாடகைக்கு இருக்கவேண்டும். காணியை விற்றுப் போனவர் திரும்பி வந்த பின், இரத்தத்தில் ரக்ரோலிமஸ் அளவு பார்த்துக் குளிசையைக் கூட்டிக் குறைக்க யாழ்ப்பாணத்தில் பயின்ற ஆள் வேண்டும். கேள்வி திரும்பவும் இங்கேயே வந்து நிற்கிறது.

யாழ்ப்பாணத்தில் இதயமாற்று நிலையம் வேண்டும் என்று அடுத்த தேர்தல் மேடையில் யாராவது கேட்பார்கள். நான் அதை இப்போது கேட்கமாட்டேன். வருடத்தில் மிகச் சில மாற்றுகளே நடக்கும் நாட்டில் அதை இரண்டு இடத்தில் பிரித்தால் இரண்டு குழுவுக்கும் கைப்பழக்கம் வராது. மாற்று கண்டியிலோ கொழும்பிலோ நடக்கட்டும். ஆனால் அங்கே பயிலும் சிரேஷ்ட பதிவாளர் தன் பயிற்சியில் ஆறு மாதமாவது வடக்கிலும் கிழக்கிலும் இருக்கவேண்டும். முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் கிழமைக்கொரு இதய செயலிழப்புக் கிளினிக், குளிசையின் அளவைக் கூட்டிக் குறைக்கப் பயின்ற ஒரு தாதி, பொற்றாசியம் பார்க்கும் வசதி, எக்கோ இயந்திரம், தமிழில் எழுதிய ஒரு துண்டுப்பிரசுரம். கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் எவ்வளவு உப்பு என்று அதில் இருக்கட்டும். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் நிறை கூடினால் உடனே வரவேண்டும் என்பது இந்த நோயில் அடிப்படை அறிவுரை. வீட்டில் நிறை பார்க்கும் தராசு இல்லாதவருக்கு அந்த அறிவுரையால் பயனில்லை. ஒரு கிராம சேவையாளர் பிரிவுக்கு ஒரு தராசு என்பது பெரிய செலவல்ல.

இதற்குள் நிர்வாகச் சிக்கல் ஒன்று இருக்கிறது. யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ். வடக்கின் மாவட்டப் பொது வைத்தியசாலைகள் மாகாணத்தின் கீழ். ஒரே நோயாளி, ஒரே இதயம், இரண்டு நிர்வாகம், இரண்டு மருந்துக் கொள்வனவு, இரண்டு ஆளணிப் பட்டியல். வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பின் தேர்தல் நடக்கவில்லை, ஆளுநரே நடத்துகிறார். தெரிவான சுகாதார அமைச்சர் ஒருவர் இருந்தால், ‘முல்லைத்தீவில் இருந்து யாழ்ப்பாணம் அனுப்பிய இதய நோயாளிகளில் எத்தனை பேர் திரும்பக் கிளினிக்குக்கு வந்தார்கள்?’ என்று சபையில் ஒருவராவது கேட்டிருப்பார். பட்டப்பின் மருத்துவ நிறுவகம் கொழும்பில் இருக்கிறது. பயிலுநரை வடக்குக்கு அனுப்பும் முடிவு அங்கேதான் எடுக்கப்படும். யாழ்ப்பாண மருத்துவ பீடம் 1978இல் இருந்து வைத்தியர்களை உருவாக்கி வருகிறது. போர் நடந்த காலத்திலும் படிப்பித்தது. அந்தப் பீடம் இந்தக் கோரிக்கையை எழுத்தில் வைத்தால் கொழும்பால் லேசில் தட்டிக்கழிக்க முடியாது.

அதற்கெல்லாம் காலம் எடுக்கும். ஒரு வேலை மட்டும் நாளைக்கே நடக்கலாம். வைத்தியசாலையில் இருந்து துண்டு வெட்டும்போது தரும் நோய் நிர்ணய அட்டைகளை வன்னியில் பலர் எனக்குக் காட்டியிருக்கிறார்கள். பிறஷர், சீனி, மருந்தின் பெயர், அடுத்த கிளினிக் திகதி எல்லாம் அவற்றில் ஆங்கிலத்தில் இருந்தன. உடம்பில் செல் துண்டு இருக்கிறதா, எத்தனை தரம் இரத்தம் ஏற்றப்பட்டது என்ற இரண்டு வரிகளை எதிலும் நான் காணவில்லை. எப்படிப் பட்ட காயம், எங்கே பட்டது, யாரோடு நின்றபோது பட்டது என்று எழுதத் தேவையில்லை. அந்த இரண்டு விபரம் போதும். அமைச்சரவைப் பத்திரமோ நிதி ஒதுக்கீடோ அதற்கு வேண்டாம். திரைச்சேலையை இழுத்துவிட்டு, நோயாளிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, ஏன் கேட்கிறேன் என்பதை முதலில் தமிழில் சொல்லிவிட்டு, வாட்டில் நிற்கும் பதிவாளர் ஒருவர் பேனாவால் எழுதலாம்.